மலை ஏறாத வருஷம்

ஆரணி
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்கா,

உன் இடுப்பு வலி குறைந்ததா? மாமா சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா, இல்லை இன்னும் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றுகிறாரா? இங்கே அத்தை, கிரண், பெரியமாமா, பெரியத்தை எல்லோரும் சௌக்கியம். எனக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

கையில் போன் இருக்கும்போது இவள் ஏன் மெயிலில் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்து கீரை ஆய ஆரம்பித்துவிடுகிறார். கீரை இல்லாத நாளில் வெங்காயம். கிரணும் என் போனை எடுத்துப் பார்ப்பார். சந்தேகப்படுகிற புருஷனாக இல்லை, டிவி ரிமோட்டை எடுப்பது போலச் சும்மா எடுப்பார். இந்த வேலைக் கம்ப்யூட்டரை மட்டும் யாரும் தொடுவதில்லை. தொட்டால் வெளிநாட்டில் ஏதாவது அழிந்துபோகும் என்று பயம். நானும் அந்தப் பயத்தைக் கெடுக்கவில்லை.

என் வேலை என்ன என்று நீ நாலு முறை கேட்டிருக்கிறாய், நானும் நாலு முறை மழுப்பியிருக்கிறேன். இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன். உலகத்தில் இருக்கிற அவரை, துவரை, புளி, புங்கன் என்று அந்தக் குடும்பத்துச் செடி மரம் எல்லாவற்றையும் ஒரே தரவுத்தளத்தில் பதிகிறார்கள். நாற்பது நாட்டு ஆட்கள் ஆளுக்கொரு பகுதியைப் பார்க்கிறோம். ஒரே செடிக்கு நூறு வருஷத்தில் பத்துப் பேர் பத்துப் பெயர் வைத்திருப்பார்கள். அதில் எது நிற்கும் பெயர், எதை அதன் கீழே தள்ளுவது என்று முடிவு செய்ய வேண்டும். தென்னிந்தியக் கிலுகிலுப்பைச் செடிகள் என் பங்கு. நான் ஒன்றை மாற்றினால் பிரேசிலில் ஓர் அம்மா பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். கறாரான அம்மா.

இப்போது விஷயம். ஜவ்வாது மலையில் ஒரு கிலுகிலுப்பை இருக்கிறது. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரர் அதைத் தனி இனம் என்று பெயர் வைத்தார். பின்னால் வந்தவர்கள் 'இது சமவெளியில் வளர்கிற சாதாரணக் கிலுகிலுப்பைதான்' என்று அதோடு சேர்த்துவிட்டார்கள். ஏனென்றால் அவர் பறித்ததில் பூ இருந்தது, காய் இல்லை. இந்தக் குடும்பத்துக்குக் காய்தான் அடையாளம். படிக்கும்போது நான் மலையில் அந்தச் செடியைப் பார்த்திருக்கிறேன். அது தனிதான், எனக்குத் தெரியும். ஆனால் நானும் பூவைத்தான் பார்த்தேன்.

அடுத்த மார்ச் 31 அன்று இந்தப் பதிப்பைப் பூட்டுகிறார்கள். அதற்குள் காயைக் காட்டி நிரூபித்தால் என்னை இன்னும் மூன்று வருஷம் வைத்துக்கொள்வார்கள். வருஷத்தில் பாதி நாள் காடு மேடு சுற்றும் வேலை. நிரூபிக்காவிட்டால் அன்றோடு ஒப்பந்தம் முடிகிறது. எங்கள் பட்டுக் கடையில் பில் போட எனக்கு ஒரு நாற்காலி வாங்கிவைத்திருக்கிறார் அத்தை. சுழல்கிற நாற்காலி.

மாமனார் இறந்து இன்னும் ஒரு வருஷம் முடியாததால் நாங்கள் யாரும் மலை ஏறக்கூடாது என்பது உனக்குத் தெரியும். "நான் சாமி பாக்கப் போகலீங்க அத்தை, செடி பாக்கத்தான்" என்றேன். "மலயே சாமிதாம்மா. நீ எதுக்கு ஏர்றேன்னு மலைக்குத் தெரியுமா?" என்றார். பரவாயில்லை. மாசியில் வருஷத் திவசம் முடிந்துவிடும். காய் பங்குனி வரை செடியில் நிற்கும். முடிந்த மறுநாளே ஏறிவிடுவேன். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன்.

உன் வீட்டு வாசல் வழியாகத்தான் மலை பஸ் போகும். எனக்கு இட்லி கட்டிவை.

சங்கரி


போளூர்
25 ஆகஸ்ட் 2024

அடி சங்கரி,

எங்களுக்கு எல்லாம் நலம்தான். இடுப்பு அப்படியே இருக்கிறது, மாத்திரையும் சட்டைப் பையில்தான் இருக்கிறது. ஸ்கூல் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்து இதை அடிக்கிறேன். வருகைப்பதிவு ஏற்றுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், காட்டிக்கொடுத்துவிடாதே.

பேரை எடுத்துவிட்டார்கள் என்று ஒரு செடிக்காக இவ்வளவு ஆத்திரப்படுகிறாயே, கல்யாணம் ஆனதும் நமக்கெல்லாம் இனிஷியல் போச்சே, யார் கேஸ் போட்டார்கள்? உன் மாமாவிடம் சொன்னேன். "இன்னாடி இது, கிலுகிலுப்பைக்குக் கூடவா ஆபீசரு?" என்று அரை மணி நேரம் சிரித்தார். மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற மனுஷனுக்கு வேறென்ன தெரியும்.

ஆனால் ஒன்று. பாதி வருஷம் காடு மேடு என்று எழுதியிருக்கிறாய். அதைக் கிரணிடம் சொல்லிவிட்டாயா? நீ சென்னையிலும் கோயம்புத்தூரிலும் படித்துக்கொண்டு கிடந்த காலத்தில் அப்பாவின் காரியத்துக்கே பாதியில்தான் வந்து சேர்ந்தாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டேன்.

இட்லி கட்டிவைக்கிறேன். காரச் சட்னியும்தான்.

பரிமளா


ஆரணி
21 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

நீ சாவுக்கு வந்துவிட்டுப் போனபோது சரியாகப் பேச முடியவில்லை. மழையில் நனைந்து போனாயே, சளி பிடித்ததா? இங்கே அத்தைக்குத் தலைவலி. மற்றவர்கள் பரவாயில்லை.

பெரியமாமா போனதோடு என் கணக்கு எல்லாம் போச்சு. மாமனாரின் அண்ணன்தான் என்றாலும் ஒரே கூரை, ஒரே உலை என்பதால் மறுபடியும் முழு ஒரு வருஷம் தீட்டுப்போல. பங்காளி சாவுக்கு மூன்று மாதம் போதும் என்று சில வீடுகளில் வைத்திருக்கிறார்கள். அதை மெதுவாக எடுத்துச் சொன்னேன். அத்தை கிரணைப் பார்த்தார். கிரண்தான் பேசினார். "நானா வேணான்றேன் சங்கரி? ஊரு பேசும். சும்மா இத்தயே சொல்லிகினு இருக்காத, பேஜாரா இருக்கு" என்றார். பட்டு நூலை எடை போட்டுக்கொண்டே சொன்னார். நெய்கிறவர்கள் நாலு பேர் நின்றார்கள், நான் உள்ளே வந்துவிட்டேன்.

ஒன்று சொல்கிறேன், திட்டாதே. பெரியமாமாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது நான் தலைமாட்டில் நின்று வேண்டிக்கொண்டேன். இன்னும் மூன்று மாதம் இருங்கள் என்று. பிழைக்க வேண்டும் என்று இல்லை. மாசி தாண்ட வேண்டும் என்று. எனக்கு முட்டையும் பொரிமாவும் ஊட்டாத குறையாகப் பார்த்துக்கொண்ட மனுஷன் அவர். நேற்று பெரியத்தை இருமினார். எழுந்து ஓடி வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். இந்த வீட்டில் வயசானவர்கள் இன்னும் இருவர் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் போகப் போக நான் கீழேயே கிடக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். எவ்வளவு கேவலமான நினைப்பு பார். ஆனால் நினைத்தேன்.

மழை விட்டால் மொட்டைமாடியிலிருந்து மலை தெரிகிறது. துணி உலர்த்தப் போகிறேன், உலர்த்திவிட்டு இறங்கிவிடுகிறேன்.

சங்கரி


போளூர்
26 நவம்பர் 2024

சங்கரி,

உடம்பைப் பார்த்துக்கொள். சளி எல்லாம் இல்லை எனக்கு. உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு பீரியட் பாடம் நடத்தவில்லை.

இதற்கா இப்படி வாடுகிறாய்? உன் வீட்டுச் சாவு உன் வீட்டோடு. எனக்கு ஏது தடை? நான் ஏறுகிறேன். ஜமுனாமரத்தூர் பஸ் காலையில் என் வாசலில்தான் நிற்கிறது. மேலே சின்னபொண்ணு இருக்கிறாள், அவள் மகன் என்னிடம் படித்தவன். அவள் வீட்டில் ஒரு வாய் காபி குடித்துவிட்டு உன் செடியைப் பிடுங்கிக்கொண்டு சாயங்காலம் இறங்கிவிடுவேன். இடுப்பு ஒன்றும் உடைந்துவிடாது.

என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் தெளிவாக எழுது. எனக்கு எதுவும் தெரியாது என்று நினைத்து எழுது. உண்மையிலேயே தெரியாது.

அழாதே.

பரிமளா


ஆரணி
28 நவம்பர் 2024

என் அக்காவுக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். இன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன், அத்தையே திரும்பிப் பார்த்தார்.

பீமன் அருவிக்குப் போகிற பாதையில் இடது பக்கம் பெரிய மொட்டைப் பாறை வரும். பாறை வெடிப்புகளில் முழங்கால் உயரச் செடி. பூ மஞ்சள், உள்ளே கருஞ்சிவப்புக் கோடு. பூவைப் பார்த்து ஏமாறாதே, கீழே சமவெளியில் இருப்பதும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். காய் முற்றி, ஆட்டினால் உள்ளே விதை சலசலக்க வேண்டும். தை பிறந்த பிறகு போ, அப்போதுதான் முற்றும். வேரோடு பிடுங்கு. பழைய நாளிதழ் நடுவில் இலையை விரித்துவைத்து மேலே உன் டிரங்குப் பெட்டியைத் தூக்கி வை. தினமும் தாளை மாற்று. காய்ந்ததும் பார்சலில் போடு. எந்த இடத்தில் எடுத்தாய், என்றைக்கு எடுத்தாய் என்பதைத் துண்டுத் தாளில் எழுதிவை. அது இல்லாவிட்டால் செடி வெறும் தழைதான்.

கிரணிடம் சொன்னேன், அக்கா ஏறுகிறாள் என்று. "அப்டியா" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து "எப்போ?" என்றார். தையில் என்றேன். அவருக்கும் ஆர்வம் வந்துவிட்டது போல.

சங்கரி


ஆரணி
9 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா,

எல்லோரும் நலம்தானே? புயல் மழைக்கு மலைப் பாதை சரிந்ததாகச் சொன்னாய், அதைச் சரிசெய்துவிட்டார்கள், பஸ் ஓடுகிறது என்று கேள்விப்பட்டேன். பிறகு அரைப் பரீட்சை என்றாய், அதுவும் முடிந்தது. அவசரப்படுத்தவில்லை, தை பிறக்க இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.

சும்மா எழுதினேன்.

சங்கரி


போளூர்
24 ஜனவரி 2025

சங்கரி,

பொங்கல் நன்றாக நடந்ததா? உன் அத்தைக்கு என் வணக்கம் சொல். எங்களுக்கு எல்லாம் சுகம்.

போய்விட்டு வந்துவிட்டேன். வேரோடுதான் பிடுங்கினேன். நீ சொன்ன மாதிரியே தாள் மாற்றி, பெட்டி வைத்து, காயவைத்து இன்று பார்சல் போட்டுவிட்டேன். துண்டுத் தாளும் உள்ளே இருக்கிறது. வேலை இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

பரிமளா


ஆரணி
27 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா,

நலமா? உன் கடிதத்தில் சின்னபொண்ணு வீட்டுக் காபியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாததால் கேட்கிறேன்.

பார்சல் வந்தது. இவ்வளவு அழகாக அழுத்தி உலர்த்திய மாதிரியை நான் ஆராய்ச்சி செய்த காலத்தில்கூடச் செய்ததில்லை. ஓர் இலைகூட மடங்கவில்லை. எத்தனை நாள் தாள் மாற்றியிருப்பாய் என்று பார்த்தாலே தெரிகிறது. காய்கள் நன்றாக முற்றியிருந்தன. ஆட்டிப் பார்த்தேன், சலசலத்தது.

வேரில் ஒரு நத்தை ஓடு ஒட்டியிருந்தது. ஏரி நத்தை.

வந்ததைப் பதிய வேண்டியது என் கடமை, பதிந்துவிட்டேன். சாதாரணக் கிலுகிலுப்பை. இடம் என்கிற கட்டத்தில் 'போளூர், ஏரிக்கரை' என்று எழுதினேன். எடுத்தவர் பெயர் பரிமளா ராமதாஸ். பிரேசில் அம்மா உடனே ஒப்புக்கொண்டார். உன் பெயர் இனி உலகம் முழுக்கத் தெரியும்.

இங்கே எல்லோரும் சௌக்கியம்.

சங்கரி


போளூர்
9 மார்ச் 2025

சங்கரி,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கிற முகம் எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்?

ஆறு வாரமாக இந்தத் திரையைத் திறக்கிறேன், மூடுகிறேன். உன் மாமனார் திவசத்துக்கும் இடுப்பைக் காரணம் சொல்லி வரவில்லை. உன் முகத்தைப் பார்க்கப் பயம்.

காணும் பொங்கலன்று கிரண் வந்தார். தனியாக, மூன்று சீப்பு வாழைப்பழத்தோடு. நான் மறுநாள் ஏறுவதாக இருந்தேன், பையில் தண்ணீர் பாட்டில்கூட எடுத்துவைத்துவிட்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, கொடுத்த காபியைக் குடிக்காமல் கீழே வைத்தார். அப்புறம், "அக்கா, இந்த ஒரு வாட்டி நீங்க மேல போகாதீங்க" என்றார். ஏன் என்றேன். "வூட்ல பேச்சு வரும்" என்றார். என் காலைத் தொட வந்துவிட்டார், சங்கரி. நாற்பது வயது ஆண்பிள்ளை. நான் பதறிப்போனேன்.

அவர் மேல் மட்டும் பழியைப் போட்டால் நான் மனுஷியே இல்லை. அவர் கேட்டதும் எனக்குச் சௌகரியமாக இருந்தது. நீ ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிறாய். காய்ச்சல் என்றால் வந்துவிடுகிறாய், நான் வந்துவிடுகிறேன். எனக்கும் வேறு யார் இருக்கிறார்கள்? வேலை நீண்டால் நீ மறுபடியும் எங்கேயாவது போய்விடுவாய், எனக்கு ஆறு மாதத்துக்கு ஒரு போட்டோ வரும். அந்த வேலை போகட்டும், கடையில் உட்காரட்டும், கண்ணுக்கு முன்னால் இருக்கட்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டேதான் ஏரிக்கரைக்கு நடந்தேன். பூ அதே மஞ்சள், கோடும் அதே மாதிரி. உனக்குத் தெரியாமலா போகும்? தெரியும் என்று எனக்கும் தெரியும். வெறும் கையோடு எப்படி இருப்பது என்றுதான் தினமும் தாள் மாற்றினேன்.

திட்டு. போன் போட்டு, உன் அத்தை கேட்கக் கேட்கத் திட்டு.

பரிமளா


ஆரணி
13 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

இடுப்புக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடு, நின்றுகொண்டே பாடம் எடுக்காதே. நான் நன்றாக இருக்கிறேன். திட்டுவதற்கு எனக்குத் தெம்பு இல்லை. ஒரு மாதம் உன்னை மனசுக்குள் திட்டித் தீர்த்துவிட்டேன், மிச்சம் ஒன்றும் இல்லை.

நேற்று கிரணிடம் கேட்டேன். கடையில் ஆள் இல்லாத நேரம், புடவைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"போளூர் போனீங்களா?"

"போனேன்." மறைக்கக்கூட இல்லை.

"ஊரு பேசும்னா?"

"ஊரு கெடக்குது. ஊர யாரு கேட்டா." புடவையைக் கீழே வைத்தார். "உங்க அக்கா காய எடுத்துகினு வந்தா உனக்கு வேலை நிக்கும். அப்புறம் நீ மேல போவே. போனா எறங்க மாட்டே."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? மூணு வருசமா பாக்கறேன். அந்தப் பொட்டில செடிப் படத்தப் பாக்கும்போது உனக்கு ஒரு மூஞ்சி, எழுந்து எங்களாண்ட வந்தா வேற மூஞ்சி. நான் இன்னா குருடனா?"

கோபப்படத்தான் வாயைத் திறந்தேன், அக்கா. வரவில்லை. அவர் சொன்னது பொய்யாக இருந்தால் நன்றாகக் கத்தியிருப்பேன். மூன்று வருஷமாக என்னைக் கை நீட்டி அடிக்காத, சாப்பாட்டில் குறை வைக்காத, நான் கேட்ட புத்தகத்தை வாங்கித் தருகிற மனுஷன். அவர் பக்கத்தில் எனக்கு மூச்சு முட்டுகிறது. எனக்கே தெளிவில்லாத இதை அவர் முன்னாலேயே கண்டுபிடித்து, எனக்குச் சொல்லாமல், ஒரு வாழைப்பழப் பையைத் தூக்கிக்கொண்டு போய் உன் காலில் விழுந்திருக்கிறார். காய் வேண்டும், காய் வேண்டும் என்றுதான் இத்தனை மாதம் புலம்பினேன். ஏறிப் போவதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஏறப் போகிறேன். உத்தரவு கேட்கவில்லை, சொல்லிவிட்டேன். அத்தை அழவில்லை, கத்தவில்லை. "ஏம் புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சின்னா?" என்று மட்டும் கேட்டார். நான் முனைவர் பட்டம் வாங்கியவள். இன்று காலை கிரண் வண்டியில் சேவூர் போனார். திரும்பி வருகிற வரை நான் வாசலை விட்டு நகரவில்லை. இவ்வளவு பயத்தை எனக்குள் எப்போது போட்டார்கள் என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை போளூரில் இருப்பேன்.

சங்கரி


போளூர்
14 மார்ச் 2025

சங்கரி,

எல்லோரும் நலம். கூட வர முடியவில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு மேற்பார்வை போட்டிருக்கிறார்கள். இந்த முறை சத்தியமாகப் பரீட்சைதான், வேண்டுமானால் உத்தரவைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

சின்னபொண்ணுவிடம் சொல்லிவிட்டேன், அவள் வீட்டில் தங்கிக்கொள். கிரண் நேற்று எனக்குப் போன் செய்தார். "அவளுக்கு ஸ்வெட்டர் இல்ல, மேல குளிரும், உங்களாண்ட இருந்தா குடுங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உன் மாமாதான் பஸ் ஏற்றிவிடுவார். ஸ்வெட்டரும் இட்லியும் அவர் கையில் இருக்கும்.

பரிமளா


ஜமுனாமரத்தூர்
27 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

பரீட்சை முடிந்ததா, காலை நீட்டிப் படுத்தாயா? மாமாவிடம் சொல், இட்லிக்கு அவர் மிளகாய்ப்பொடி வைக்க மறந்துவிட்டார். எனக்கு முட்டியில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. ஸ்வெட்டர் உன் அளவு, என்னைப் போல இரண்டு பேர் நுழையலாம்.

இங்கே சிக்னல் ஒரு பாறை மேல்தான் கிடைக்கிறது. அதில் உட்கார்ந்து போனிலேயே அடிக்கிறேன்.

முதல் இரண்டு நாள் ஒரு காய்கூட இல்லை. எல்லாவற்றையும் ஆடு மேய்ந்துவிட்டது. மீதி வெயிலில் வெடித்து விதை சிதறிவிட்டது. மூன்றாம் நாள், ஆட்டுக்குக் கால் வைக்க இடமில்லாத ஒரு வெடிப்பில் சில செடிகள் இருந்தன. படுத்துக் கையை விட்டுப் பறித்தேன். காய் சின்னது, என் சுண்டுவிரல் நகம் அளவுதான். மேலே ஒரு ரோமம்கூட இல்லை, நுனி கொக்கி மாதிரி வளைந்திருக்கிறது. சமவெளிச் செடியின் காயில் இது எதுவும் கிடையாது. அங்கேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். சின்னபொண்ணு ஓடி வந்து, "இன்னாம்மா, கொளவி கொட்டிடுச்சா?" என்றாள்.

படங்களையும் அளவுகளையும் அன்றைக்கே அனுப்பிவிட்டேன். பிரேசில் அம்மா நேற்றுப் பதில் போட்டார். தனி இனம் என்று ஏற்றுக்கொண்டாராம். பூட்டுவதற்கு முன்னால் பெயர் திரும்ப வந்துவிட்டது. மூன்று வருஷ ஒப்பந்தமும் வந்துவிட்டது, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். இதையெல்லாம் யாரிடமாவது கத்திச் சொல்ல வேண்டும் போல் இருந்தது. முதலில் நினைவுக்கு வந்தது கிரண்தான். போனைக் கையில் எடுத்தேன், மறுபடியும் கீழே வைத்துவிட்டேன்.

இரண்டு நாளில் இறங்குகிறேன் என்றுதான் உன்னிடமும் அவரிடமும் சொன்னேன். காய் கிடைத்து ஒரு வாரம் ஆகிறது. தினமும் காலையில் பையைக் கட்டுகிறேன். பஸ் வந்து நிற்கிறது. சின்னபொண்ணு என்னைப் பார்க்கிறாள், நான் மரத்தைப் பார்க்கிறேன், பஸ் போய்விடுகிறது. அவர் சாயங்காலம் போன் செய்கிறார். சாப்பிட்டாயா என்கிறார், சாப்பிட்டேன் என்கிறேன். குளிருகிறதா என்கிறார், ஸ்வெட்டர் இருக்கிறது என்கிறேன். எப்போது இறங்குகிறாய் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டால் சண்டை போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பேன். கேட்காமல் என்னைக் கொல்கிறார். இவ்வளவு உயரம் ஏறி வந்தும் சாயங்காலம் ஆனால் அந்தப் போனுக்காக இந்தப் பாறை மேல் வந்து உட்கார்ந்துகொள்கிறேன், அக்கா. எனக்கே என்னைப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறாராம். மேலே வரமாட்டார், அவருக்குத்தான் இன்னும் தீட்டு இருக்கிறதே. உன்னிடம் கேட்பார். என்னிடம் கேட்காததை உன்னிடம் கேட்பார். ஜுரம், பஸ் இல்லை, வேலை முடியவில்லை என்று எதையும் சொல்லி என்னைக் காப்பாற்றாதே. அவரையும் காப்பாற்ற வேண்டாம். உட்காரவைத்து ஒரு காபி கொடு. பிறகு, 'காய் கெடச்சி ஒரு வாரம் ஆச்சிங்க, அவளுக்குத்தான் எறங்க மனசு வரல'ன்னு சொல்லிடு.

சங்கரி